மூங்கில் என்று எழுதிய கை

என் இடது கண்ணில் பாய்ந்தது மூங்கில் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவிலில், சந்தையில், நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மூங்கிச் சிம்பு குத்திருச்சாமே?" என்கிறார். பிறகு தன் சித்தப்பாவுக்கு விறகுச் சிராய் பட்ட கதையைச் சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பொய்யைக் கிளப்பியவன் நான்தான் என்பதால் கோபத்தை வெளியே காட்டவும் வழியில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

இன்சீன் ரயில் பட்டறையில் ஸ்பிரிங் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். ரயில் பெட்டியின் எடையைத் தாங்கும் சுருள்களைச் சோதிப்பது என் வேலை. "அழுத்தம் ஏறிய ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதே" என்று பிரிவின் சுவரில் பர்மிய எழுத்தில் சிவப்பாக எழுதியிருக்கும். வாசகம் என்னுடையது. அதை மீறியவர்களிடமிருந்து விளக்கக் கடிதம் வாங்கி, அந்தக் கடிதத்தில் இருக்கும் பிழைகளையும் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

கோ மியின் அந்தப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர். பர்மியர். எங்கள் ஆட்களோடு பழகித் தமிழில் வசவுகளை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு மாவ்பிக்கு வடக்கே, காட்டை ஒட்டி, கடலையும் சோளமும் போட்டிருக்கிறார். இரவில் காட்டுப்பன்றி வருகிறது. ஒரு பாத்தி முழுதையும் உழுதுவிட்டுப் போகிறது. துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வில்லை யாரோ அவருக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முனையிலும் கப்பி வைத்த புது மாதிரி வில். சிக்கல் அவருடைய தோளில். வலது தோள்மூட்டு இறுகிக்கிடந்தது. ஒருமுறை இழுத்துவிடுவார். இழுத்ததைப் பிடித்துக்கொண்டு பன்றி திரும்பும்வரை காத்திருக்க முடியாது, கை நடுங்கும்.

அதற்கென்றே வேட்டைக்காரர்களுக்கு ஒரு கருவி உண்டு. வில்லின் கைப்பிடியிலிருந்து பின்னோக்கி ஒரு தண்டு வரும். அதன் முனையில் ஒரு கொக்கி. நாணை முழுதாக இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் வில் வளைந்தபடியே நிற்கும். யாரும் பிடிக்க வேண்டியதில்லை. குறி சரியானதும் விசையைத் தட்டினால் கொக்கி விலகும், அம்பு போகும். கோ மியினின் கருவியில் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அவரைக்கொடிக்கு ஊன்றும் மூங்கில் கழிகளின் நடுவே வில்லைச் சாக்கில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பழைய அரம் ஒன்றின் எஃகில் புதுக் கொக்கி செய்தேன். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகும். கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோலவே தெறிக்கவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த முறுக்கைக் குறைக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவனுக்கு முதல் வாரத்தில் சொல்கிற பாடம் இது. முதல் சூட்டைக் கரியடுப்பில் காட்டியாயிற்று. இரண்டாவது சூட்டுக்கு, அளவு தப்பக் கூடாது என்று மின்அடுப்பைத்தான் நம்புவேன். மின்சாரம் போயிருந்தது. வர இன்னும் இரண்டு மணி நேரம்.

"பொருந்துதான்னு மட்டும் பாத்துரலாம் சயா" என்றார் கோ மியின் பர்மியத்தில். எங்கள் பேச்செல்லாம் அதில்தான். சயா என்றால் இங்கே ஆசிரியர், டாக்டர், மேலதிகாரி எல்லாருக்கும் பொதுவான மரியாதைச் சொல்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவர் இழுத்தார், நான் மாட்டினேன். அவர் கையை எடுத்தார். வில் தானாக இழுபட்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது. கொக்கி முழுதாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். முகத்தை, அதற்கு நேராக.

சத்தம் கேட்டது. வில்லின் ஒரு கை பிளந்து தொங்கியது. கொக்கி எங்கே போனதென்று தெரியவில்லை. என் கண்ணில் மணல் விழுந்ததுபோல் ஒரு உறுத்தல், அவ்வளவுதான். வலிகூடப் பெரிதாக இல்லை. கண்ணைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் இடது பக்கம் முழுதும் சாம்பல் நிறத் திரை.

நகருக்குள் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை. அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. என் கோபத்தில் பாதி அதனால்தான்.

டாக்ஸியில் கோ மியின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் வில் என்று சொன்னால், ஆயுதம் வைத்திருக்கிறான் என்று யாராவது வார்டு அலுவலகத்துக்குச் சொல்வார்கள். அங்கே நாலு கேள்வி கேட்பார்கள். ஐந்தாவது கேள்வியைக் கேட்க ஆளை வேறெங்காவது கூட்டிப்போவார்கள். மருத்துவமனையில் காயத்துக்கென்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒரு கண்ணால் பார்த்து, என் நல்ல கையெழுத்தில், நானே நிரப்பினேன். "வீட்டுத் தோட்டத்தில் அவரைக்குக் கழி ஊன்றும்போது மூங்கில் சிம்பு தெறித்தது." முற்றத்தில் கிடந்த கழிகளை நினைத்துக்கொண்டு எழுதினேன். கோ மியின் அதைப் படித்துவிட்டு முதல்முறையாக மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் முறைப்படி நடந்தது.

மூங்கில் என்றால் பூஞ்சைக் கிருமி வரலாம். செடி, மரம் எதனால் கண்ணில் காயம்பட்டாலும் அதுதான் முதல் பயம். ஆகவே மணிக்கு ஒருமுறை பூஞ்சைக்கான சொட்டு மருந்து. மூங்கில் எக்ஸ்ரேயில் தெரியாது, ஆகவே எக்ஸ்ரே வேண்டாம். கண்ணுக்குள் ரத்தம் கலங்கியிருந்ததால் பின்சுவரில் இருக்கும் விழித்திரை தெரியவில்லை. ஆகவே காத்திருப்பது. இந்த "ஆகவே"களில் ஒன்றிலும் ஓட்டை கிடையாது. என் பிரிவில் யாராவது இப்படி ஒரு அறிக்கை எழுதியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

எங்கள் மகள் தேவி நகரின் நடுவே, கியாக்டடாவில், ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ் புரியும், பேச்சு பாதியிலேயே பர்மியத்துக்குத் தாவிவிடும். அவள் ஒரு அட்டையில் கட்டம் போட்டு, சொட்டு விட்ட ஒவ்வொரு மணிக்கும் டிக் அடிக்கச் சொல்லி என் தலைமாட்டில் தொங்கவிட்டாள். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து அட்டையைச் சரிபார்ப்பாள். "அப்பா, பதினோரு மணி டிக் இல்ல. ஏன்?" என்பாள். விளக்கக் கடிதம் வாங்குகிற குணம் ரத்தத்தில் வருகிறது போலிருக்கிறது.

கோ மியின் தினமும் காலையில் மாவ்பியிலிருந்து ரயில் பிடித்து மோஹிங்கா வாங்கிக்கொண்டு வருவார். வரும்போதே மீன் குழம்பில் நூடுல்ஸ் ஊறி உப்பியிருக்கும். நான் திட்டிக்கொண்டே சாப்பிடுவேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இருவருமே அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. கொக்கியில் உடைந்த துண்டு ஏதாவது பட்டிருந்தாலும் தெறித்துப் போயிருக்கும், கண்ணுக்குள் இருக்க வழியில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இருந்தால் வலிக்காதா?

வலிக்காது. சூடாக, கூராக, வேகமாகப் பாய்கிற சிறு துண்டு ஓட்டைபோட்டு உள்ளே போய்விடும், ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. பட்டறையில் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததே நான்தான்.

புதன்கிழமை அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். மூடிய இமைமேல் கூழ் தடவி, ஒலி அலையால் உள்ளே படம் பிடிப்பது. ஒரு நிழல் தெரிந்தது. ரத்தக் கட்டியாக இருக்கலாம், சிம்பாக இருக்கலாம். கண் டாக்டர் ஒரு இளம்பெண். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவோம், சயாவின் பெண்பால். அவர் என்னை ஊலே என்பார், மாமா என்று பொருள்.

"மரத்துண்டுன்னா எம்ஆர்ஐயில தான் ஊலே நல்லாத் தெரியும். நாளைக்குக் காலையில எடுத்துரலாம்."

எம்ஆர்ஐ என்பது ஒரு பெரிய காந்தம். நோயாளியை அதன் குழாய்க்குள் தள்ளிப் படம் எடுப்பார்கள். எங்கள் பட்டறையிலும் ஒரு மின்காந்தக் கிரேன் இருந்தது. ஒரு மனிதனால் நகர்த்த முடியாத சுருளை அது பூவைப்போல் தூக்கும்.

வியாழக்கிழமை காலை அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பொறுப்பிலிருந்த பெண் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கடிகாரம், மோதிரம். லுங்கியில் உலோகம் கிடையாது. பிறகு இடுப்பைக் காட்டினாள். என் அரைஞாண் வெள்ளி.

"இது வெள்ளிம்மா. வெள்ளியைக் காந்தம் இழுக்காது" என்றேன்.

"எல்லாத்தையும் கழட்டணும் ஊலே."

"இரும்பு, நிக்கல், கோபால்ட். இழுக்கிறது இந்த மூணுதான். வெள்ளி எந்தக் கணக்கிலும் வராது. நான் முப்பத்துநாலு வருஷம்..."

"ஊலே, இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடுங்க. அரைஞாணைப் பிறகு பேசிக்கலாம்."

பாரத்தில் வரிசையாகக் கேள்விகள். இதயத்தில் கருவி உண்டா? உடம்பில் திருகாணி உண்டா? உலோகத்தைச் சீவும், அராவும் வேலை செய்ததுண்டா? கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா? கடைசி இரண்டு கேள்விகளுக்கு முன் பேனா நின்றது. உண்டு என்று எழுதினால் மூங்கில் பொய்யாகும். பொய்யானால் ஏன் பொய் என்று கேட்பார்கள். ஸ்டூலில் கோ மியின் உட்கார்ந்து மோஹிங்கா பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற என்று நினைத்து, இரண்டுக்கும் இல்லை என்று குறிபோட்டேன். வெள்ளிக்கு அத்தனை நியாயம் பேசிய அதே வாயோடு.

அப்போதுதான் மங்களம் வந்தாள். என் மனைவி. இன்சீனிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்தவள், டிபன் கேரியரைத் திறந்து சோற்றுக்கு மேலிருந்த கிண்ணத்திலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கொக்கி.

"நேத்து சாயங்காலம் சாக்கடை ஓரம் கூட்டறப்ப கெடைச்சுச்சு" என்றாள். "நீங்க அராவி முடிச்சு என்கிட்ட காமிச்சப்ப இதுக்கு ரெண்டு காது இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

வலது கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு முனை உடைந்திருந்தது. உடைந்த இடம் சர்க்கரைப் பரல்போல மின்னியது. இளஞ்சூடு காட்டாத எஃகு அப்படித்தான் உடையும். காணாமல்போனது அரிசி நொய் அளவு இருக்கும். தோராயமாக அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் அந்தக் கிரேன் காந்தத்துக்குள் என் தலையை வைக்கப்போகிறார்கள் என்பதும் தெரிந்தது. எஃகு காந்தத்தை நோக்கி ஓடும். வழியில் விழித்திரை இருக்கிறதா என்று பார்க்காது.

"என்ன பேச்சு மூச்சையே காணோம்? ஊருக்கெல்லாம் ரூல் சொன்ன வாயாச்சே" என்றாள் மங்களம்.

"சத்தம் போடாதே. மியின் மாட்டிக்குவாரு."

"மாட்டட்டும்! அவரு மாட்டுனா நான் போயி சோறு குடுக்கறேன். உங்க கண்ணு போனா யாரு குடுப்பா?"

அவள் பேசியது தமிழ். ஆனால் கோ மியினுக்குக் கொக்கியைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினார். அவரும் ஃபிட்டர்தானே, உடைந்த முனையை ஒரே பார்வையில் படித்துவிட்டார். பிறகு என் மடியிலிருந்த பாரத்தைப் பார்த்தார். என் குறிகளைப் பார்த்தார். தமிழில் தனக்குத் தெரிந்த வசவுகளில் மிக மோசமான ஒன்றை என்மேல் சொன்னார். என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, கொக்கியோடு, சயாமாவின் அறையை நோக்கி நடந்தார். தன்னைத் தானே பிடித்துக்கொடுக்கப் போகிற மனிதர்போல முதுகை நிமிர்த்தி நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வெறுங்காலோடு, இடுப்பில் நழுவிய லுங்கியைப் பிடித்துக்கொண்டு.

சயாமா முன்னால் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வில், கருவி, கொக்கி, மாவ்பி, பன்றி, தோள். இவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, குனிந்தவன் நான்தான் என்றேன். கோ மியின் குறுக்கே புகுந்து, வில் என்னுடையது, சயா உதவி செய்ய வந்தவர் மட்டும் என்றார். ஆளுக்கு ஆள் குற்றத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டிருந்தோம். சயாமா கையைத் தூக்கினார்.

"ஊலே. நான் கண் டாக்டர். பன்றி எனக்கு எதுக்கு?"

என் பழைய படிவத்தை எடுத்து மேசையில் வைத்துத் திருப்பினார்.

"இந்தக் கட்டத்துல என்ன கேட்டிருக்கோம், படிங்க."

படித்தேன். "காயப்படுத்திய பொருள்: மரம், உலோகம், கண்ணாடி, ரசாயனம், வேறு." அவ்வளவுதான். எப்படி என்று கேட்கவில்லை. எங்கே, யாரோடு, எதற்காக என்று கேட்கவில்லை. வட்டம் போட்டால் போதும். மீதி இருந்த வெற்றிடத்தில் கழியையும் அவரைக்கொடியையும் நட்டுவைத்தவன் நான்.

"வீட்டுல எஃகை அராவினப்ப துகள் தெறிச்சுதுன்னு எழுதியிருந்தா அன்னிக்கே எக்ஸ்ரே. அது பொய்யா?"

"இல்லை."

"அஞ்சு நாள் ஊலே. இரும்பு கண்ணுக்குள்ள கரைய ஆரம்பிச்சா விழித்திரைக்கு விஷம். ஒவ்வொரு நாளும் கணக்கு. நீங்க எழுதுனத நாங்க நம்பினோம்."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது. என் கீழே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்து எந்த அதிகாரி எந்தக் கேள்வி கேட்பான், அதற்கடுத்து எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும் என்று எல்லா முறைகளையும் அறிந்தவன் என்பதால், இன்னும் யாரும் கேட்காத ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுதி வைத்தேன். முறை தெரியாத ஒருவன் அந்தப் படிவத்தில் உலோகம் என்பதற்கு வட்டம் போட்டுவிட்டுப் போயிருப்பான். அவன் கண் பிழைத்திருக்கும்.

எக்ஸ்ரே எடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. கறுப்புப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்வைக்குக் குழப்பமே இல்லாத புள்ளி.

அன்று மதியமே அறுவை. கண்ணுக்குள் தெளிவான கூழ் ஒன்று நிரம்பியிருக்கிறது. அதை நுண்ணிய கருவியால் நறுக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, முனையில் காந்தம் வைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் துண்டைப் பிடித்து இழுத்தார்கள். காந்தம்தான். யார் கையில், எந்த அளவில் என்பதுதான் வித்தியாசம். மரத்துப்போன கண்ணில் வலி இல்லை. பச்சைத் துணிக்கடியில் படுத்துக்கொண்டு, உலோகத் தட்டில் ஏதோ விழுந்த 'டிக்' என்ற சத்தத்தைக் கேட்டேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் நான் நிராகரித்த துண்டுகளில் அவ்வளவு சிறியதைப் பார்த்ததில்லை.

கிழிந்த விழித்திரையைச் சுவரோடு ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டார்கள். குமிழி மேலே மிதக்கும். அது பின்சுவரில் அழுத்த வேண்டுமென்றால் நோயாளி கவிழ்ந்து கிடக்க வேண்டும். ஏழு நாள். சாப்பிடும்போதும் தலை கீழே. கட்டில் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, தரை ஓடுகளையும் வருகிறவர்களின் செருப்புகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மேலேயிருந்து குரல்கள் வரும். யாருக்கும் என் முகம் தெரியாது. கோபத்தைக் காட்ட முகம் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் மங்களம் தரையில் பாயை விரித்துக் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். என் முகத்துக்கு நேர் கீழே அவள் முகம்.

"இப்ப திட்டுங்க" என்றாள்.

திட்டினேன். பிறகு தேவி வந்தால் அவளும் அப்படியே படுத்து அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். கோ மியினுக்கு மல்லாந்தால் தோள் வலிக்கும். அவர் ஒருக்களித்துப் படுத்து, மோஹிங்காக் கிண்ணத்தைத் தரையில் வைத்து நகர்த்துவார்.

"சயா, வில்லை ரம்பத்தால மூணு துண்டா அறுத்து ஆத்துல போட்டுட்டேன்."

"பன்றி?"

"நேத்தும் வந்துச்சு. ரெண்டு பாத்தி போச்சு."

கடலைக் கொல்லையைச் சுற்றித் தகர டப்பா கட்டித் தொங்கவிடும் ஒரு ஏற்பாட்டைப் பற்றி அவர் கட்டிலுக்கடியில் கிடந்தபடி விவரித்தார். கம்பி எங்கே போகும், இழுவிசை எவ்வளவு என்று நான் கேட்டேன். இழுவிசை என்றதும் அவர் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

இப்போது இடது கண்ணால் என் கைவிரல்களை எண்ண முடிகிறது. எழுத்தைப் படிக்க முடியாது. ஐந்து நாள் முந்தியிருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று கேட்டேன். சயாமா பதில் சொல்லவில்லை. நல்ல டாக்டர், கேட்ட கேள்விக்குக்கூட எப்போது பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்.

மாதம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். கோப்பின் முதல் பக்கத்தில் என் படிவம் அப்படியே இருக்கிறது. அடிக்கவோ கிழிக்கவோ கூடாது, திருத்தத்தைத் தனித்தாளில் எழுதிப் பின்னால் சேர்க்க வேண்டும் என்பது விதி. சரியான விதி. நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். அதனால் பதிவு மேசையில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெண் முதல் பக்கத்தைத் திறந்து, என் அழகான கையெழுத்தைத் தடங்கலின்றிப் படித்துவிட்டு, "மூங்கிலா ஊலே?" என்று கேட்கிறாள்.

"இல்லைம்மா, எஃகு" என்கிறேன். "பின்பக்கம் பார்."

அவள் பக்கத்தைத் திருப்பும்வரை அங்கேயே நிற்கிறேன்.